ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள், அவற்றின் கூடுதல் எவ்வளவு, அதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்று கேள்விகள் பத்து இருக்கலாம். வேலை ஒன்றுதான்: அந்த எண்ணைப் பகா எண்களாக உடைப்பது. உடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சில நிமிடக் கணக்கு. உடைப்பதில் பிசகினால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு விடையும் பிசகும். அதனால்தான் இங்கே முக்கால்வாசி இடம் உடைக்கும் வேலைக்கே போகிறது.

எடுத்துக்கொள்ளும் எண் 123456789. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. பார்க்க விளையாட்டு எண்போலத் தெரியும். ஆனால் 3-ஐத் தாண்டினால் எந்தச் சிறிய வகுத்திக்கும் மசியாது, அதனாலேயே பழகுவதற்கு நல்ல எண். தேவையானவை தாள், பேனா, பத்து இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டர், 100 வரையிலான 25 பகா எண்களின் பட்டியல்.

படி 1: எண்ணை எழுதி வைத்தல்

எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் ஒரு முறையும், வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து ஒரு முறையும் எழுதுங்கள்: 123 | 456 | 789. நாம் கோடி, லட்சம் என்று காற்புள்ளி போட்டால் 12,34,56,789 என்று வரும். கீழே வரும் 1001 சோதனைக்கு அந்தப் பிரிப்பு உதவாது. புதிதாகக் கற்பவர்கள் 12, 34, 56, 789 என்ற துண்டுகளையே கூட்டிக் கழித்துவிட்டு 7-ஆல் வகுபடுகிறது, வகுபடவில்லை என்று தப்பாக முடிவுகட்டுவது இங்கேதான்.

கூடவே வர்க்கமூலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 11111² = 123454321, 11112² = 123476544. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே முழு வர்க்கம் இல்லை. பகு எண்ணாக இருந்தால் 11111-க்கு மேற்படாத ஒரு பகாக் காரணியாவது இருந்தே தீரும்.

படி 2: சின்ன வகுத்திகள்

கடைசி இலக்கம் 9. எனவே 2-உம் 5-உம் இல்லை. இலக்கங்களின் கூடுதல் 1+2+3+4+5+6+7+8+9 = 45. இது 9-ஆல் வகுபடும், எண்ணும் வகுபடும். 27-ஆல் வகுபடுமா என்பதற்கு இலக்கக் கூடுதலை நம்பாதீர்கள், அந்த விதி 9-ஓடு முடிந்துவிடும். வகுத்தே பாருங்கள்:

123456789 ÷ 9 = 13717421

ஈவின் இலக்கக் கூடுதல் 26. 3-ஆல் வகுபடாது. ஆக 3² மட்டுமே. ஒரு காரணி கிடைத்ததும் அதே காரணியால் ஈவையும் மறுபடி வகுத்துப் பார்ப்பது கட்டாயம். இதை மறந்தால் அடுக்கு குறைந்துபோகும், பிறகு காரணி எண்ணிக்கை முதற்கொண்டு எல்லாம் தவறும்.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. மூன்று இலக்கத் துண்டுகளை வலமிருந்து கூட்டி, கழித்து, கூட்டுங்கள்: 789 − 456 + 123 = 456. இந்த 456-ஐ வகுத்தால் வரும் மீதிதான் முழு எண்ணை வகுத்தாலும் வரும். 7-ஆல் மீதி 1, 11-ஆல் மீதி 5, 13-ஆல் மீதி 1. மூன்றும் இல்லை.

37-க்கும் இப்படி ஒரு குறுக்குவழி உண்டு. 999 = 27 × 37 என்பதால் துண்டுகளைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்: 123 + 456 + 789 = 1368, பிறகு 1 + 368 = 369. அதை 37-ஆல் வகுத்தால் மீதி 36. இல்லை. அதே 369-ஐ 27-ஆல் வகுத்தால் மீதி 18. 3-இன் அடுக்கு இரண்டோடு நிற்கிறது என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

மற்ற பகா எண்களுக்குக் கால்குலேட்டர் போதும். 17, 19, 23 என்று 97 வரை 13717421-ஐ வகுத்துப் பாருங்கள், ஒன்றும் சரியாக வகுக்காது. இங்கிருந்து 13717421-ஐ மட்டுமே வகுக்க வேண்டும், பழைய எண்ணை அல்ல. எண் சிறுத்துவிட்டதால் எல்லையும் சிறுத்துவிட்டது: வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7.

படி 3: வகுப்பது நின்ற இடத்தில் வர்க்கங்கள்

97-உம் போய்விட்டது. அடுத்து 101, 103 என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் விடையை முன்கூட்டியே சொல்வதென்றால், சிக்கப்போகும் காரணி 504-ஆவது பகா எண். கையால் அத்தனை முறை வகுத்தால் நடுவில் எங்காவது தவறு நேராமல் இருக்காது. இந்த இடத்தில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் முறைக்கு மாறுவது நல்லது.

கருத்து எளிது. ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், அது (கூடுதல்) × (வித்தியாசம்) என்று உடைந்துவிடும். ஆகவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பாருங்கள்.

3704² = 13719616. கழித்தால் 2195.
3705² = 13727025. கழித்தால் 9604.

2195-க்கு வர்க்கமூலம் தேட வேண்டியதே இல்லை. 5-இல் முடியும் வர்க்கம் எதுவானாலும் 25-இல்தான் முடியும். 95-இல் முடிவது வர்க்கமாகாது. 9604 அப்படித் தள்ள முடியாதது. 98² = 9604. இரண்டாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிட்டது:

13717421 = (3705 − 98)(3705 + 98) = 3607 × 3803

கடைசி இலக்கச் சல்லடையைக் கைவசம் வைத்திருங்கள். வர்க்கங்கள் 2, 3, 7, 8-இல் முடியாது. 0-இல் முடிந்தால் 00-இல் முடியும். 5-இல் முடிந்தால் 25-இல் முடியும். இதன் பலனைப் பார்க்க, 9-ஐ வெளியே எடுக்காமல் முழு எண்ணிலேயே ஃபெர்மா முறையை ஓட்டிப் பாருங்கள். 11112, 11113, 11114 ஆகிய மூன்றும் தரும் மிச்சங்கள் 19755, 41980, 64207. மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடலாம். நான்காவது 11115² − 123456789 = 86436, அது 294². அதாவது 10821 × 11409. இரண்டும் 3-ஆல் வகுபடும், வகுத்தால் அதே 3607, 3803. எந்த வழியில் போனாலும் ஊர் ஒன்றுதான்.

இவ்வளவு சீக்கிரம் கிடைத்ததற்குக் காரணம் இரண்டு காரணிகளும் அருகருகே இருப்பது. இடைவெளி 196 மட்டுமே. தேவைப்படும் முயற்சிகள், இரு காரணிகளின் சராசரிக்கும் வர்க்கமூலத்துக்கும் உள்ள தூரம்தான்: 3705-க்கும் 3703.7-க்கும் உள்ள தூரம். காரணிகள் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருந்தால், உதாரணமாக ஒன்று 101, இன்னொன்று ஆறு இலக்கப் பகா எண் என்றால், இந்த முறை ஆயிரக்கணக்கான படிகள் இழுக்கும். எண்ணே பகா எண்ணாக இருந்துவிட்டால் முறை முடிவதற்குள் எண்ணின் பாதி வரை போக வேண்டும். எனவே நடைமுறையில் நல்ல வரிசை இது: 100 வரை வகுத்தல், பிறகு ஐம்பது அறுபது ஃபெர்மா முயற்சிகள், அதிலும் கிடைக்காவிட்டால் 101-இலிருந்து மறுபடி வகுத்தல்.

இந்த முறையின் மதிப்பை அறியாமல் சவால் விட்டவர்களும் உண்டு. 1874-இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 8616460799 என்ற எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கல் இது என்பது தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியவராது என்ற தொனியில் எழுதினார். 92825-இல் தொடங்கி ஃபெர்மா முறையை ஓட்டினால் 56-ஆவது முயற்சியில், 92880-இல், மிச்சம் 3199² ஆகிறது. விடை 89681 × 96079. ஒரு மாலை நேர வேலை. ஃபெர்மாவோ 1643-லேயே இந்த முறையை எழுதி வைத்துவிட்டார்.

படி 4: கிடைத்தவை பகா எண்கள்தானா?

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். 3607, 3803 என்று வந்ததும் 'முடிந்தது' என்று எழுதிவிடுவது தவறு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அதன் வர்க்கமூலம் வரை.

√3607 ≈ 60.06. எனவே 59 வரையிலான 17 பகா எண்கள் போதும், 61 தேவையில்லை. √3803 ≈ 61.67. இதற்கு 61-உம் வேண்டும், மொத்தம் 18. எல்லையை உத்தேசமாக '60 வரை' என்று இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டாவதில் ஒரு வகுத்தி விடுபட்டுப்போகும். இந்த எண்ணில் அதனால் விடை மாறவில்லை. மாறும் எண்கள் உண்டு: 3721-ஐ 60-ஓடு நிறுத்தினால் பகா எண் என்றே தோன்றும், ஆனால் அது 61².

3607-க்கு மீதிகள்: 7-ஆல் 2, 11-ஆல் 10, 13-ஆல் 6, 17-ஆல் 3, 19-ஆல் 16, 23-ஆல் 19, 29-ஆல் 11, 31-ஆல் 11, 37-ஆல் 18, 41-ஆல் 40, 43-ஆல் 38, 47-ஆல் 35, 53-ஆல் 3, 59-ஆல் 8. எங்கும் பூஜ்யம் இல்லை. 2, 3, 5 பார்வையிலேயே போய்விட்டன. 3803-ஐயும் இதே மாதிரி நீங்களே செய்யுங்கள். 61-ஆல் வகுக்கும்போது மீதி 21 வந்தால் சரியான வழியில் வந்திருக்கிறீர்கள்.

வெறும் 'வகுபடவில்லை' என்று டிக் போடாமல் மீதியை எழுதி வைப்பதில் ஒரு பலன் உண்டு. பிறகு சந்தேகம் வந்தால் ஒரே ஒரு வரியை மட்டும் சரிபார்த்தால் போதும்.

படி 5: பெருக்கிச் சரிபார்த்தல்

123456789 = 3² × 3607 × 3803

திருப்பிப் பெருக்குவது ஒரு வழி. விரைவான வழி 9-ஐத் தள்ளும் சோதனை. 3607-இன் இலக்க மூலம் (ஓர் இலக்கம் மிஞ்சும்வரை இலக்கங்களைக் கூட்டினால் வருவது) 7, 3803-இன் இலக்க மூலம் 5, பெருக்கினால் 35, அதாவது 8. 13717421-இன் இலக்கக் கூடுதல் 26, அதுவும் 8. பொருந்துகிறது. ஆனால் 3607-ஐ 3670 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை தலையாட்டும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியதைப் பிடிக்க 11-இன் மீதி வேண்டும்: 3607-க்கு 10, 3803-க்கு 8, பெருக்கினால் 80, மீதி 3. 13717421-ஐ 11-ஆல் வகுத்தாலும் மீதி 3. இரண்டும் தேறினால் நிம்மதியாக மேலே போகலாம்.

படி 6: காரணிகள்

எண்ணிக்கை: ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். 3 × 2 × 2 = 12. இவற்றை இணைகளாக எழுதினால் ஒன்றும் விடுபடாது:

1 × 123456789
3 × 41152263
9 × 13717421
3607 × 34227
3803 × 32463
10821 × 11409

இடப்பக்கம் உள்ளவை எல்லாம் 11111-க்குக் கீழ், வலப்பக்கம் உள்ளவை மேல். கடைசி இணை ஃபெர்மா முறையில் நாம் பார்த்த அதே இணை.

கூடுதல்: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 178422816. அதிகம் தடுக்கி விழும் இடம் முதல் அடைப்பு. 3² என்பதற்கு 1 + 9 = 10 என்று போட்டுவிடுவார்கள், நடுவில் உள்ள 3 காணாமல் போய்விடும். சந்தேகம் இருந்தால் மேலே உள்ள பன்னிரண்டையும் நேரடியாகக் கூட்டிப் பாருங்கள், அதே விடை வரும்.

எண்ணையே அதிலிருந்து கழித்தால் 54966027. எண்ணைவிடக் குறைவு, ஆகவே இது குறைவெண். சமமாக வந்தால் நிறைவெண், அதிகமாக வந்தால் மிகைவெண். ஒற்றை நிறைவெண் எதையும் இதுவரை யாரும் கண்டதில்லை, அப்படி ஒன்று இல்லை என்று நிறுவியதும் இல்லை. எனவே ஒற்றை எண் ஒன்றுக்குச் சமம் என்று விடை வந்தால் குதித்துக் கொண்டாடுவதற்கு முன் கூட்டலைச் சரிபாருங்கள்.

படி 7: சார்பகா எண்கள் எத்தனை?

1 முதல் 123456789 வரை, நம் எண்ணோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பதே ஆய்லரின் ஃபை சார்பு. பகா எண் தனியாக இருந்தால் ஒன்று குறையுங்கள். அடுக்கோடு இருந்தால் அடுக்கிலிருந்து அதற்கு முந்தைய அடுக்கைக் கழியுங்கள்: 9 − 3 = 6. (9 − 1 = 8 அல்ல, 2 × 2 = 4-உம் அல்ல.)

6 × 3606 × 3802 = 82260072

விடை நியாயமாகத் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம். 3-ஆல் வகுபடாதவை மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 82304526. 3607, 3803 இரண்டும் அதிலிருந்து கொஞ்சம் கிள்ளும். கிள்ளியிருக்கிறது.

படி 8: வர்க்கங்களின் கூடுதல்

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? விதி: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டை அடுக்கில் இருக்க வேண்டும். 3 இரட்டை அடுக்கில் இருக்கிறது, சரி. 3607-உம் 3803-உம் மீதி 3 தருபவை, அடுக்கோ ஒன்று. ஆகவே முடியாது.

முழு எண்ணை 4-ஆல் வகுத்து மீதி 1 வந்ததைப் பார்த்து 'முடியும்' என்று சொல்லிவிடுவது வழக்கமான தவறு. மீதி 3 தரும் இரண்டு பகா எண்கள் பெருகினால் மீதி 1 ஆகிவிடும், அந்த மறைவில் இரண்டும் ஒளிந்துகொள்கின்றன. மீதி 3 வந்தால் முடியாது என்பது உறுதி. மீதி 1 வந்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வர்க்கங்கள்? 8-ஆல் வகுத்தால் மீதி 5. மீதி 7 வரும் எண்களும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கியவையும் மட்டுமே மூன்று வர்க்கங்களுக்கு அடங்காதவை. எனவே மூன்று போதும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவதென்றால், ஒற்றை எண்ணுக்கு ஒவ்வொரு காரணி இணையும் ஒரு வழி தரும். இங்கே ஆறு வழிகள்.

படி 9: இரும வடிவம்

27 முறை 2-ஆல் வகுப்பதைவிட 8-ஆல் ஒன்பது முறை வகுப்பது மேல். மீதிகள் வரிசையாக 5, 2, 4, 6, 4, 7, 6, 2, 7. தலைகீழாகப் படித்தால் எட்டடிமானத்தில் 726746425. ஒவ்வோர் இலக்கத்தையும் மூன்று இரும இலக்கமாக விரியுங்கள்:

111 010 110 111 100 110 100 010 101

மொத்தம் 27 இலக்கம், அதில் 16 ஒன்றுகள். நடுவில் உள்ள 2-ஐ 10 என்று எழுதி முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டால் எண்ணே மாறிவிடும். அது 010தான்.

கணினி எங்கே காலை வாரும்?

ஒன்பது இலக்கம் வரை எந்தக் கருவியும் சரியாகச் சொல்லும். சிக்கல் வர்க்கம் எடுக்கும்போது ஆரம்பிக்கிறது. 123456789² = 15241578750190521. எக்செலில் கடைசி இரண்டு இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் 520 என்று முடியும். 9-இல் முடியும் எண்ணின் வர்க்கம் 1-இல் முடிய வேண்டும், பூஜ்யத்தில் முடிந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்டின் அந்த எண் வகையில் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களும் அடங்காது. பைத்தானின் முழு எண்ணுக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசம எண்ணாகிவிடும், அதே நோய் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

பகா எண் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. 2-ஐ (எண் − 1) முறை பெருக்கி, எண்ணால் வகுத்து, மீதி 1 என்றால் பகா எண் என்று சிலர் நிரல் எழுதுவார்கள். மீதி 1 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி. வந்தால் உறுதியில்லை. 341-ஐப் பாருங்கள்: 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰-உம் மீதி 1 தரும். ஆனால் 341 = 11 × 31. இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையை 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களில் செய்தால் 3215031751-க்குக் கீழ் உள்ள எந்த எண்ணுக்கும் விடை ஐயமற்றது.

எண் இன்னும் பெரிதானால் வழி மாறும். 12 இலக்கம் வரை கணினியில் வெறும் வகுத்தலே கண்ணிமைக்கும் நேரம். 20 இலக்கத்துக்குப் பொல்லார்ட் 1975-இல் தந்த ரோ முறை. அதற்கு மேல் சல்லடை முறைகள். காரணிகள் இரண்டும் பெரிதாக இருக்கும்படி அமைத்த 250 இலக்க எண் ஒன்று 2020-இல்தான் உடைந்தது, அதுவும் ஏராளமான கணினிகளைப் பூட்டி.

பழகிப் பார்க்க: 987654321

இதே எண்ணைத் தலைகீழாக்கி முதலிலிருந்து செய்யுங்கள். 9-ஐ எடுத்தால் 109739369. 1001 சோதனை 7, 11, 13 மூன்றையும் தள்ளிவிடும். 17 பிடிக்கும், ஈவு 6455257. மறுபடி 17 பிடிக்கும், இதை விட்டவர்கள்தான் அதிகம். மிஞ்சுவது 379721. இதில் ஃபெர்மா முறையை ஓட்டினால் முடிவே தெரியாமல் ஓடும், ஏனென்றால் அது பகா எண். √379721 ≈ 616.2 என்பதால் 613 வரையிலான 112 பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதைத் தவிரக் கையால் வேறு குறுக்குவழி இல்லை.

விடைகள்: 3² × 17² × 379721. காரணிகள் 18. அவற்றின் கூடுதல் 1515470502. ஃபை 619703040. 17-உம் 379721-உம் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை, 3 இரட்டை அடுக்கில் இருக்கிறது. ஆகவே 123456789-க்கு முடியாதது இதற்கு முடியும்: இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம்.